மரத்தை வேலியாக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை கோவில் கூட்டத்துக்கு முன்னாடி மனசுல உள்ளதை எழுதிடணும்னு உட்கார்ந்தேன். கூட்டத்துல நான் பேச எழுந்தா ரெண்டே நிமிஷத்துல "சரி சரி, அடுத்தது"ன்னு சொல்லிடுவாங்க. இங்கே அப்படி சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். கோவிலுக்குப் பின்னால இருக்கிற காலி நிலத்தில் 108 மரக்கன்று நடலாம்னு ஒரு யோசனை வந்திருக்கு. நல்ல யோசனைதானே? நானும் முதல்ல கை தூக்கினேன். மண்வெட்டி, உரம், கன்று எல்லாத்துக்கும் பட்டியல்கூட போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். எப்பவும் கூட நின்னு கழுவுற ஒரு அக்கா மெதுவா கேட்டாங்க: "ஏன் தம்பி, அங்க மரம் நட்டுட்டா அப்புறம் வீடு வராதுல்ல?"

எனக்குப் புரியல. என்ன வீடுன்னு கேட்டேன். "இல்லப்பா, அந்த இடத்துல மலிவு விலை வீடு வரும்னு நாலஞ்சு வருஷமா பேச்சு இருக்கு. என் மவனுக்குக் கல்யாணமாகி மூணு வருஷம். புள்ளையும் பொறந்தாச்சு. இன்னும் ஹால்லதான் படுக்குறான். ரெண்டு தடவ பேங்க்ல கடன் கேட்டான், ரெண்டு தடவயும் இல்லைன்னுட்டாங்க."

அவங்க கோபமா கேட்கல. அதுதான் எனக்கு உறுத்துச்சு.

அதே ராத்திரி இன்னொருத்தர் கார் பக்கத்துல வந்து காதோட சொன்னார்: "சீக்கிரம் நட்டுடணும். இல்லாட்டி அடுக்குமாடி கொண்டாந்து வெச்சிடுவாங்க. அப்புறம் யார் யாரோ வருவாங்க. மரம் நின்னா ஒருத்தனும் கை வைக்க மாட்டான். பின்னாடி கோவிலுக்கும் உதவும்."

அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரல. ஒரே நிலம், ஒரே மரம். அக்காவுக்கு அது மகனோட வீட்டை மறைக்கிற சுவர். இவருக்கு அது ஏழைகள் உள்ளே வராம இருக்க ஒரு வேலி. நான் மட்டும்தான் அதை மரம்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

"யார் யாரோ வருவாங்க." உறவுகளே, நம்ம யாரு? இருபது இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தோட்டத்து லயத்தை விட்டு லோரியில் கட்டிலும் அம்மியும் சாமி படமும் ஏத்திக்கிட்டு புக்கிட் செந்தோசாவுக்கு வந்தவங்கதானே நம்மில் பாதிப் பேர்? அன்னைக்கு ரவாங்கிலும் செரண்டாவிலும் நம்மைப் பார்த்தும் யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பாங்க.

தோட்டத்தில் பிறந்தவங்களுக்கு மரம்னா என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பால்மரத்துக்கு நம்பர் இருந்தது, நிரை இருந்தது, உரம் இருந்தது. செம்பனைக்கு இருபத்தஞ்சு வருஷ ஆயுள். வயசானா அதே குழியோரம் புதுக் கன்று நடுவாங்க. அந்த இடம் மரத்துக்குன்னு எழுதி வெச்ச இடம். மனுஷனுக்கு அப்படி இல்லை. வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்து வீடு. வேலை போனா வீடும் போச்சு. மூணு தலைமுறை மரத்தை வளர்த்தவனுக்கு, அவன் வளர்த்த மரத்துக்கு இருந்த இட உரிமைகூட இல்லை. அதனாலதான் "மரமா வீடா"ன்னு யாராவது கேட்டா நம்ம ஆளுங்களுக்குச் சட்டுன்னு வயிறு எரியுது.

நம்ம பக்கத்திலேயே பாருங்க. மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர் தோட்டம், புக்கிட் தாகார் தோட்டம், சுங்கை திங்கி தோட்டம், மின்யாக் தோட்டம். இந்த அஞ்சு தோட்டத்து ஜனங்க வீட்டுக்காக கால் நூற்றாண்டுக்கு மேல அலைஞ்சாங்க. 245 குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டம் அரசாங்க அறிவிப்பா வந்ததே அண்மை ஆண்டுகளில்தான். அதுக்குள்ள எத்தனை பேர் கண்ணை மூடிட்டாங்க! அதே புக்கிட் தாகார் வட்டாரத்தில் 2005லிருந்து கோலாலம்பூர் குப்பை வந்து புதையுது. தலைநகரத்துக் குப்பைக்கு இடம் கிடைச்சது. தோட்டத்து ஆளுக்கு இடம் தேட இத்தனை வருஷம். இதுக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை, கவனிச்சீங்களா?

கொஞ்சம் தெற்கே போனா இன்னொரு கதை. புத்ராஜெயாவை நாம எல்லாரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்கோம். என்ன அழகு! ஏரி, பூங்கா, தாவரவியல் தோட்டம். ஊரில் மூணில் ஒரு பங்குக்கு மேல பசுமை. அது எழும்பினது பிராங் புசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே ஆகிய நாலு தோட்டங்களின் மண்ணில். அங்கே இருந்த சுமார் 400 குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனாங்க. கொஞ்ச காலத்தில் அந்தச் சுவர்களில் விரிசல். தரை வீடு கேட்டு பல வருஷம் போராட்டம். புது நகரத்தில் மரத்துக்கு இடம் தாராளமா இருந்தது. அந்த மண்ணை உழைச்சவங்களுக்குத்தான் இடம் இல்லை.

இப்போ நம்ம ஊர். புக்கிட் செந்தோசாவும் பக்கத்தில் புக்கிட் பெருந்தோங்கும் 1990களில் எழும்பின புதுநகரங்கள். நிம்மதி மலை, அதிர்ஷ்ட மலைன்னு பேர் வெச்சாங்க. 1997, 98 நிதி நெருக்கடி வந்தது. அதிர்ஷ்டம் நின்னு போச்சு. வரிசை வரிசையா வீடு, ஆனா ஆள் இல்லை. இன்னும் வடக்கே லெம்பா பெரிங்கின். ஆலமரப் பள்ளத்தாக்குன்னு பேர். கைவிடப்பட்ட ஊர்னாலே எல்லாரும் அதைத்தான் காட்டுவாங்க. நம்ம பக்கமே சுத்திப் பாருங்க, கூரையைப் பிளந்துக்கிட்டு மரம் வளர்ந்து நிக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஹாலில் மரம்.

அந்த அக்காவோட மகன் ஹாலில் படுக்கிறான். இங்கே ஹாலில் மரம் படுத்திருக்கு.

அதனால முதல்ல ஒண்ணு சொல்றேன். நம்ம ஊரில் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காம போனதுக்கு மரம் காரணம் இல்லை. கடன் கிடைக்காதது காரணம். சம்பளம் ஏறாதது காரணம். ஆள் வராத வீடுகளை வாங்கினவன் ஒரு ஊரில், பத்திரம் ஒரு பேங்கில், பழுது பார்க்க ஆகுற செலவு யார் தலையிலேன்னு தெரியாம நிக்குதே, அது காரணம். காலி நிலத்தில் 108 கன்று நட்டாலும் நடாட்டாலும் இது எதுவும் மாறாது.

அப்போ மரம் நடுறதில் தப்பே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. வீடு வரக்கூடாதுன்னு நடுற மரம் தப்பு. நிழலுக்காக நடு, பழத்துக்காக நடு, சாமிக்காக நடு. இன்னொருத்தன் உள்ளே வராம இருக்க நடாதே. அதுக்கு முள்கம்பி போதும், பாவம் அந்தக் கன்று எதுக்கு?

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லாட்டி நான் ஒருதலைப் பட்சமா பேசுறதா ஆகிடும். வீடு வேணும்னு சொன்னா எந்த மரத்தையும் வெட்டலாம்கிற வாதத்தையும் நான் ஒத்துக்க மாட்டேன். 2021இல் கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 500 ஹெக்டருக்கு மேல் காப்பகப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது ஆகஸ்ட் கடைசியில் வெளியே தெரிஞ்சது. கலப்பு மேம்பாடுன்னு காரணம். ஊரே எதிர்த்தது. அங்கே தலைமுறை தலைமுறையா இருக்கிற தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்தாங்க. செப்டம்பரில் மாநில அரசே முடிவை ரத்து பண்ணியது. அந்தச் சதுப்புக் காட்டை அழிச்சுக் கட்டியிருந்தா அந்த அக்காவோட மகனுக்கு ஒரு வீடு கிடைச்சிருக்குமா? நான் நம்பல.

மரமும் வீடும் சேர்ந்தே வர முடியுமா? முடியும். அதுக்கு சிங்கப்பூர் வரைக்கும் போக வேண்டாம். அரை மணி நேரம் கார் ஓட்டினா கோலகுபு பாரு.

அந்த ஊரோட கதை தெரியுமா? பழைய கோலகுபு இருந்த இடத்துக்கு இன்னைக்குப் பேர் அம்பாங் பெச்சா, அதாவது உடைஞ்ச அணை. 1883இல் அணை உடைஞ்சு ஊர் அழிஞ்சது. அதுக்கப்புறமும் பிரச்சினை தீரல. மேலே ஈயம் தோண்டின மண்ணும் காடு வெட்டின மண்ணும் ஆத்தில் இறங்கி, ஆத்துப் படுகை மேடாகி, தண்ணி ஊருக்குள்ள வந்துக்கிட்டே இருந்தது. 1926 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டு நிலத்துக்கு மாத்திட்டாங்க. 1921இல் இந்த நாட்டுக்கு வந்த அரசாங்க நகரத் திட்டமிடுநர் சார்ல்ஸ் ரீட் கொண்டு வந்த பூங்கா நகரக் கொள்கைப்படி அந்தப் புது ஊர் அமைஞ்சது. கடைத்தெரு ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், நடுவில் பாடாங், பசுமை நிலம். முதல் கோடு போடும்போதே மரத்துக்கு இடம் ஒதுக்கியாச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் சாயங்காலம் அந்த ஊரில் நடந்தா உடம்பு குளிருது.

வெள்ளைக்காரன் நமக்காகக் கட்டினான்னு சொல்ல வரல. நல்ல பங்களாவில் அதிகாரிதான் இருந்தான், நம்ம தாத்தா லயத்தில்தான் இருந்தார். ஆனா பாடம் பாடம்தான். மரம் வெட்டினதால் அழிஞ்ச ஊரைத் திரும்பக் கட்டும்போது, மரத்தை முதல்லயே வரைபடத்தில் வெச்சாங்க.

இது நமக்குப் புதுசா? காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோவிலுக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க, உள்ளே மாமரம். கோவில் கட்டி முடிச்சு, ஓரத்தில் இடம் மிச்சம் இருக்கேன்னு கொண்டு வந்து வெச்ச மரம் இல்லை அது. மரத்தடியில் சாமி, அந்தச் சாமிக்குத்தான் கோவில். ஸ்தல விருட்சம்னா அதுதான் அர்த்தம். தில்லைன்னு ஒரு மரத்தோட பேர் சிதம்பரத்துக்கே பேராச்சு. ஈப்போவும் மரத்தோட பேர்தான். தோட்டத்தில் நம்ம தாத்தாங்க செஞ்சதும் அதேதான். முதல்ல வேப்பமரம், அப்புறம் மூணு கல்லு, அப்புறம் தகரக் கூரை. மரத்தைச் சுத்தித்தான் கூரை வந்தது.

இப்போ நாம என்ன செய்றோம்? இதை எழுத எனக்கே வெட்கமா இருக்கு, ஆனா எழுதணும். நம்ம கோவிலில் மண்டபத்தைப் பெருசாக்கும்போது வாசல் வேப்பமரத்தை வெட்டினோம். கயிறு பிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். கார் நிறுத்த இடம் வேணும்னு வளாகம் முழுக்க சிமெண்ட் கல் பதிச்சோம். மத்தியானம் ஒரு மணிக்குச் செருப்பு இல்லாம பிரகாரம் சுத்த முடியல, பாட்டிமார்கள் ஓடுறாங்க. சொந்த வாசலில் நின்ன மரத்தை வெட்டிட்டு, பின்னால யாரோட நிலம்னு தெரியாத இடத்தில் 108 நடப் போறோம். சாமி சிரிக்க மாட்டாரா?

இன்னொண்ணு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோத்தோங் ரோயோங்கில் ரோட்டோரம் 40 கன்று நட்டோம், ஞாபகம் இருக்கா? படம் எடுத்தோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம். போன வாரம் எண்ணிப் பார்த்தேன். ஏழு நிக்குது. அதிலும் ரெண்டு மின்கம்பிக்கு நேர் கீழே. அது வளர்ந்தா எப்படியும் தலையைச் சீவிடுவாங்க.

நடுறது ஒரு நாள் வேலை இல்லை. பெஸ்தாரி ஜெயா பக்கம் ராஜா மூசா வனக்காப்பகத்தில் எரிஞ்சு போன சதுப்புக் காட்டை 2008லிருந்து திரும்ப வளர்க்கிறாங்க. அங்கே முதல் வேலை கன்று நடுறது இல்லை. சதுப்புத் தண்ணியை வடிச்சுட்டுப் போற பழைய கால்வாய்களை அடைக்கிறதுதான் முதல் வேலை. மண் ஈரமான பிறகுதான் மஹாங் கன்று. அப்புறம் வருஷம் முழுக்க நெருப்பு வராம காவல். 2021இல் நாடு முழுக்க அஞ்சு வருஷத்தில் 10 கோடி மரம் நடுவோம்னு ஒரு பிரச்சாரம் தொடங்கினாங்க. எண்ணிக்கை நல்லதுதான். ஆனா நட்டது எத்தனைன்னு கேட்கிற மாதிரியே நிக்கிறது எத்தனைன்னும் கேட்கணும்.

தப்பான இடத்தில் பராமரிக்காம விட்டா மரமே ஆளைக் கொல்லும். 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரம் சாய்ஞ்சு ஒருத்தர் இறந்து போனார், 17 வாகனம் நசுங்கிச்சு. அதுக்கப்புறம் மழை வந்தா மரத்தடியில் காரை நிறுத்தவே பயப்படுறோம். "வெட்டுங்க"ன்னு நகராண்மைக் கழகத்துக்கு எழுதுறோம். குத்தம் மரத்துமேல இல்லை. வேர் போக இடம் விடாம, வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்க்காம விட்ட நம்ம எல்லார் மேலயும்தான்.

சரி, விமர்சனம் போதும். என் கருத்து என்னன்னு நேரா சொல்லிடுறேன்.

ஒண்ணு. வனக்காப்பகம், ஆத்தோரம், மலைச்சரிவு, சதுப்பு நிலம். இந்த நாலிலும் மரம்தான் முதல். வீடு என்ன, கோவில்கூட வேண்டாம். 1993இல் ஹைலேண்ட் டவர்ஸில் 48 பேர் போனாங்க. 2022 டிசம்பர் 16ஆம் தேதி நம்ம பத்தாங்காலியில் சரிவு இறங்கி முகாமில் தூங்கின 31 பேர் போனாங்க. சிலாங்கூர் ஆறு நம்ம மாவட்டத்து மலையில்தான் பிறக்குது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிற தண்ணியில் பெரும்பங்கு அது. கீழே கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி மின்னுறதும் அந்த ஆத்தங்கரை பெரெம்பாங் மரத்தில்தான். இங்கே பேரம் கிடையாது.

ரெண்டு. ஏற்கெனவே வெட்டி, சமன் பண்ணி, வருஷக்கணக்கா காலியா கிடக்கிற நிலம், அது வீட்டுக்குன்னு ஒதுக்கின நிலமா இருந்தா, வீடுதான் முதல். அங்கே மரத்தைக் காட்டி வீட்டைத் தடுக்கிறது அநியாயம். ஆனா வீடு வரும்போது வரைபடத்திலேயே மரம் கேட்கணும். குடியிருப்புத் திட்டத்தில் குறைஞ்சது 10 விழுக்காடு திறந்தவெளி விடணும்னு வழிகாட்டி இருக்கு. அது தண்ணித் தேக்கக் குட்டை ஓரமும் கால்வாய்ச் சரிவுமா போயிடாம, பிள்ளைங்க விளையாடுற சமதரையா, நிழலோட இருக்கணும். மலிவு விலை வீட்டுக்காரனுக்குத்தான் நிழல் ரொம்ப அவசியம். ஏர்கான் போட அவன்கிட்ட காசு இல்லை.

மூணு. அது பொதுத் திறந்தவெளின்னு ஒதுக்கின நிலமா இருந்தா, வீடும் வேண்டாம், கோவில் மண்டபமும் வேண்டாம். அது எல்லார் பிள்ளைகளுக்கும் சொந்தம். அப்போ அனுமதி வாங்கி மரம் நடலாம், நானே முதல் குழி தோண்டுறேன்.

நாலு. மரம் வெட்டுறதுக்கும் சட்டம் இருக்கு. 1976ஆம் வருஷத்து நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தா எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், உடனே ஆபத்து இருக்கிற மரம் மாதிரி விலக்குகள் உண்டு. நாம வேப்பமரத்தை வெட்டினப்போ யாராவது இதைக் கேட்டோமா? நான் கேட்கல.

அப்போ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? முதல்ல அந்த நிலம் என்ன நிலம்னு தெரிஞ்சுக்குவோம். உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் உள்ளூர்த் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வரைவுத் திட்டம் போடும்போது பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல நேரம் கொடுப்பாங்க. அந்த நேரத்தில் நம்ம ஆளுங்க யாரும் போறதில்லை. எல்லாம் முடிஞ்சு புல்டோசர் வந்த பிறகு பதாகை பிடிப்போம். ஒரு தடவையாவது முன்கூட்டியே போவோமே.

அடுத்தது, 108 வேண்டாம். பத்து போதும். நம்ம கோவில் வளாகத்திலேயே சிமெண்ட் கல்லைப் பேர்த்து எடுப்போம். கார் நிறுத்துற இடம் அஞ்சாறு குறையும், பரவாயில்லை, நடந்து வரலாம். வேம்பு, வில்வம், நாவல், மா. ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் பொறுப்பு, மூணு வருஷத்துக்கு. பிள்ளை பேரில் அர்ச்சனை பண்ற மாதிரி, பிள்ளை பேரில் தண்ணி ஊத்தட்டும்.

மூணாவது, அந்த அக்காவோட மகன் மாதிரி நம்ம தாமானில் எத்தனை இளம் குடும்பம் ஹாலில் படுக்குதுன்னு ஒரு கணக்கு எடுப்போம். ரூமா சிலாங்கூர்கூ விண்ணப்பம் நிரப்பத் தெரிஞ்சவங்க, பேங்க் வேலை தெரிஞ்சவங்க நம்ம கோவிலிலேயே இருக்காங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு ஒரு மேசை போட்டு உட்காரட்டும். அன்னதானம் போடுற கோவில் இதையும் செய்யலாம்.

இதை எழுதினதுக்கு ரெண்டு பக்கமும் என்மேல கோபம் வரும்னு தெரியும். மரம் நடச் சொன்னவங்க நான் குழப்புறேன்னு சொல்வாங்க. வீடு கேட்கிறவங்க "அப்போ எப்போப்பா வரும்?"னு கேட்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா அந்த அக்கா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்னு தோணுச்சு.

அக்கா, நீங்க முகநூல் பார்க்கிறதில்லைன்னு தெரியும். வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவும்போது நேரிலயே சொல்றேன். நாங்க நடப்போற மரம் உங்க மவன் வீட்டை மறைக்காது. அவன் வீடு வந்தா, அந்த வாசலுக்கும் ஒரு வேப்பங்கன்று நானே கொண்டாந்து தர்றேன்.

மத்தவங்க ஞாயிறு காலை 10 மணிக்கு கோவிலுக்கு வந்துடுங்க. திட்டுறதா இருந்தாலும் நேரில் வந்து திட்டுங்க, தேத்தண்ணி உண்டு.